ஒரு காபி, ஒரு மணி நேரம்

அந்தக் காபிக்கடையில் ஏழு மேஜைகள், பதினோரு விதிகள். மேஜைகளைக் கடை திறந்த அன்றைக்கே வாங்கிப் போட்டாயிற்று. விதிகள் அப்படியல்ல, ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒரு புண்ணியவான் இருந்தார். ஒருவர் வீட்டிலிருந்தே நீளமான பிளக் போர்டு கொண்டுவந்து லேப்டாப், போன், சின்ன மின்விசிறி எல்லாவற்றையும் மாட்டி வைத்துக்கொண்டார். மறுநாள் ஐந்தாவது விதி வந்தது. ஒரு பெண்மணி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் மாமியாரோடு முக்கால் மணி நேரம் சண்டை பிடித்தாள். கடையிலிருந்த அத்தனை பேரும் மாமியார் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எட்டாவது விதி வந்தது. எல்லாவற்றுக்கும் தலைச்சன் பிள்ளை முதல் விதிதான்: ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் வைஃபை.

விதிகளைக் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி ஒட்டியவள் கல்லாக்காரம்மா. முகத்துக்கு நேராக எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது. காபி போடுவது அவள் புருஷன். அன்றாடம் பாஸ்வேர்டு மாற்றுவது அவள். மணி முடிந்த ஆளின் இணைப்பைக் கல்லாவிலிருந்தே துண்டிப்பதும் அவள்தான். ரசீதின் பின்னால் தன் கையால் எழுதிக் கொடுப்பாள். இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விடாமல், ‘இன்னொருகாபிவாங்கு’ என்று ஒரு நாள், ‘வீட்டில்வேலையில்லையா’ என்று ஒரு நாள். பாஸ்வேர்டு மரியாதையாக இல்லை என்று ஒருவர் புகார் சொன்னார். மறுநாள் பாஸ்வேர்டு ‘புகாரைவீட்டில்சொல்’.

காலை ஆறரை மணிக்கு, கதவைத் திறப்பதற்கு முன்னால், அவள் போனை எடுத்துக் கடையைப் பற்றி ஊர் எழுதியிருக்கும் ரிவ்யூக்களைப் படிப்பாள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. அந்நேரம் அவர் மெஷினைச் சூடாக்கி, கொட்டையை ஒரு பிடி அரைத்து, முதல் இரண்டு கப்பையும் கீழே ஊற்றிவிட்டு, மூன்றாவதை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை நாளில் தூள் ஈரம் குடித்துக் கட்டி தட்டும். அப்போதெல்லாம் அரைக்கும் பதத்தை ஒரு மயிரிழை தளர்த்துவார்.

“‘காபி அமிர்தம், கல்லா ஆலகால விஷம். ரெண்டு ஸ்டார்.’ யாரு தெரியுதா? அந்தக் குடுமிக்காரன். இன்னொண்ணு கேளுங்க. ‘டம்ளர் காலியாகும் முன்னே மேஜையைத் துடைக்கிறார். துடைத்தபோது என் கையையும் சேர்த்துத் துடைத்தார்.’ ஏன், கை சுத்தமாச்சுல்ல? நானா வெத்தல பாக்கு வச்சு அழைச்சேன் இவங்களை?”

“இல்ல, நாமளும் கொஞ்சம்...”

“தணிஞ்சு போகணும், அதானே? தணிஞ்சு போனா தலையில ஏறி உக்காருவாங்க.”

தான் சொல்ல வந்தது அதுதானா என்பது அவருக்கே அதற்குள் மறந்துபோய்விடும். கல்யாணமான பதினான்கு வருஷமாக அவர் ஆரம்பித்த பேச்சை எல்லாம் அவள்தான் முடித்துவைத்தாள். விரலை வாயில் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று சொந்தக்காரர்கள் அவரைச் சொல்வார்கள். கடிக்க முதலில் வாயைத் திறக்க விட்டால்தானே.

அவள் மேலும் முழுக்கத் தப்புச் சொல்ல முடியாது. கடை வைப்பதற்கு முன்னால் பெரிய துணிக்கடை ஒன்றில், மூன்றாவது மாடியில், போர்வைப் பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்துக் கிடக்கும். ஒரு நாள் மத்தியானம் ஆளே இல்லை என்று போர்வைக் கட்டின் மேல் இரண்டு நிமிஷம் சாய்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு, மைக்கில் பேர் சொல்லி அவளை எழுப்பினார்கள். மூன்று மாடியிலும் கேட்டது. அந்த வெட்கத்தை அவள் இன்னும் செரிக்கவில்லை. தன் கடைக்கென்று அவள் முதலில் செய்யச் சொன்னது மெஷினும் இல்லை, மேஜையும் இல்லை. தன் உயரத்துக்கு, முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு ஸ்டூல்.

முதல் விதி வந்த கதையும் ஸ்டூல் கதைதான். ராத்திரி வேலை முடித்து வரும் நர்ஸம்மா ஒருத்தி தினமும் ஏழரைக்கு வருவாள். பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் ஏழு மேஜையிலும் லேப்டாப். நர்ஸம்மா சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி காபி குடித்தாள். ஏழு பேரில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லாக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே அட்டையைக் கிழித்து எழுதிவிட்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவளைக் கோவிலில் வைத்துக் கும்பிடலாம். அவள் நிறுத்தவில்லை. கல்லாவுக்குக் கீழே ரூட்டரின் சுவிட்ச் இருந்தது. பதினோரு மணிக்குக் கூட்டம் நகராவிட்டால், கால் கட்டைவிரலால் அதை ஒரு தட்டுத் தட்டிவிடுவாள். “கம்பெனியிலயே பிரச்சினையாம்” என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்வாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேராவது மூட்டை கட்டிவிடுவார்கள். கல்லாவின் முன்பக்கம் தரைவரைக்கும் பலகை. வெளியிலிருந்து பார்த்தால் அவள் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும்.

அந்த வாரம் நாலு நாளாக விடாத மழை. குடையும் மழைக்கோட்டும் வாசலில் ஒரு குவியல். ஈரத்தில் சர்க்கரை கல்லாகக் கட்டிக் கிடந்தது. தரையைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வந்தவன் எவனும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. சனிக்கிழமை பத்தரைக்கு ஒத்தக்காப்பி கல்லாவுக்கு வந்தார். ஊரார் கல்யாணப் படங்களுக்கு லேப்டாப்பில் மெருகு போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஒரே ஒரு காபியை ஆற அமர வைத்துக் குடிப்பதால் கல்லாக்காரம்மா சூட்டிய பேர் ஒத்தக்காப்பி.

“மேடம், வைஃபை போயிடுச்சு.”

“அது எங்கயும் போகல. உங்க மணிதான் முடிஞ்சிடுச்சு.”

“பத்து நிமிஷம் குடுங்க. நூத்தி எண்பது படம் ஏறிட்டிருந்துச்சு. நடுவுல நின்னா முதல்லேருந்து ஏத்தணும்.”

“இன்னொரு காபி வாங்குங்க.”

“ஏற்கெனவே நெஞ்சு எரியுது.”

“பன் வாங்குங்க.”

“விதியில காபின்னுதானே போட்டிருக்கு?”

“பன்னும் சேரும்னு இப்ப சொல்றேன்.”

“நீங்க இப்ப சொன்னா நாளைக்கு அது பன்னெண்டாவது விதி.”

நாலு மேஜையிலிருந்து சிரிப்பு வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

“சிரிக்கிறவங்க எல்லாம் மணியைப் பார்த்துக்கங்க. மூணாவது மேஜைக்கு முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு.”

மூன்றாவது மேஜைக்காரர் லேப்டாப்பை மூடாமலே பேசினார். “ஏங்க, வெளியில மழை கொட்டுது. நாயக்கூட இப்படித் துரத்த மாட்டாங்க.”

“உங்களை யாரு துரத்தினா? நல்லா உக்காருங்க. வைஃபைதான் கெடையாது.”

“உங்க மூஞ்சியப் பார்த்துட்டு உக்காரணுமா?”

“பாருங்களேன். அதுக்குப் பாஸ்வேர்டு வேணாம்.”

“சார், ரிவ்யூவுல எழுதுங்க சார்,” என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்.

“எழுதட்டும். இன்னும் ஒரு ஸ்டார் குறைஞ்சா வானம் இருட்டிடாது. இடம் குடுத்தா மடத்தப் புடுங்கற கூட்டம்.”

இந்த நேரம் பார்த்து அவள் புருஷன் மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் ஒரு காபி. நுரைமேல் இலை மாதிரி கோலம் போட்டிருந்தது. அதை ஒத்தக்காப்பியின் மேஜையில் வைத்து, “குடிங்க சார், படம் ஏறட்டும்,” என்றார் மெதுவாக.

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?” என்றாள் அவள். கடை முழுக்கக் கேட்டது.

அவர் காது மடல் சிவந்துபோய் மெஷினுக்கே திரும்பிப் போனார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒத்தக்காப்பி அந்தக் காபியைத் தொடவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தார்.

இதையெல்லாம் வாசலில் குடையை உதறியபடி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனுடைய அக்கா, அதாவது கல்லாக்காரம்மாவின் நாத்தனார். மேல் மாடியில் குடியிருந்தாள். கட்டடமும் அவளுடையது. கூட்டம் வடிந்த பிறகு மூன்று மணிக்கு மறுபடி இறங்கி வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து போனை எடுத்து வைத்தாள்.

“முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்தவ நான். உசுருக்குப் போராடறவனைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்டகூட முகம் சுளிச்சதில்ல.”

“உசுருக்குப் போராடறவங்க வைஃபை கேக்க மாட்டாங்க, அண்ணி.”

“இந்த வாய்தான். இந்த வாயாலதான் நீ கெடப்போறே. ஊர்ல ஒருத்தன் விடாம இதைப் படிக்கிறான், தெரியுமா? என் தோழி நேத்து போன் பண்ணி, ‘உன் வீட்டுக் கீழ இருக்கிற கடையாமே’ங்கறா. எனக்கு மானம் போகுது.”

“ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்க போறது?”

“ஊர் வாய விடு. இத மட்டும் கேளு. மூணு நாள் முன்னால எவனோ எழுதியிருக்கான், வழிப்போக்கன்னு பேரு போட்டு.” நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ருசித்துப் படித்தாள்.

“‘காபி சுமார். சொல்ல வேண்டியது கல்லாவில் இருக்கும் அம்மாவைப் பற்றி. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அவர் கடையைத் திருட வந்தவர்கள் என்று நினைக்கிறார். யாராவது பேச வாயெடுத்தால் முடிக்க விடுவதில்லை. பதினோரு மணிக்குக் கால் கட்டைவிரலால் வைஃபை சுவிட்சைத் தட்டிவிட்டு, கம்பெனியில் பிரச்சினை என்று கூசாமல் சொல்கிறார். ஒரு நாள் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.’ நாப்பத்திரண்டு பேர் இது சரிதான்னு அமுக்கியிருக்காங்க. ஏம்மா, கட்டைவிரலாலயா தட்டறே? நெஜமாவா?”

அந்த ரிவ்யூவை அவள் புதன்கிழமை பார்க்கவில்லை. மழையில் வாசல் கூரை ஒழுகி வாளி வைத்துக்கொண்டிருந்த காலை அது; மறுநாள் அதன்மேல் வேறு ரிவ்யூக்கள் வந்து மூடிவிட்டன. இப்போது அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. தரைவரைக்கும் இருந்த பலகையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நிற்கிற எவனுக்கும் அவள் கால் தெரியாது. இந்தப் பக்கம் நிற்பது ஒரே ஓர் ஆள். காபி சுமார் என்று உலகத்திலேயே எழுதக்கூடியவரும் அந்த ஓர் ஆள்தான். அவர் பாலை நுரைக்க வைக்கும் ஆவிக்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல,” என்றாள் நாத்தனார். “திங்கட்கிழமைலேருந்து நான் கல்லாவுல உக்கார்றேன். நீ வீட்டப் பார்த்துக்க. இவ்வளவு நாள் இடத்தைக் குடுத்துட்டு வாய மூடிட்டிருந்தேன். தம்பி, நீ என்னடா சொல்றே?”

“பாக்கலாம்க்கா.”

நாத்தனார் மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் ஓய்ந்தது. கல்லாக்காரம்மா ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

“வழிப்போக்கரே,” என்றாள்.

அவர் துணியைக் கீழே வைத்தார்.

“ஒரே கட்டில்ல படுக்கிறோம். ஒரே தட்டுல போட்டுச் சாப்பிட்டிருக்கோம். எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?”

“சொன்னா சண்டை வரும்னு...”

“ஊருக்கே தண்டோரா போட்டா வராதா?”

“நீ தினம் காலையில அதைப் படிக்கிறே. எவன் எவனோ எழுதறதை வரி விடாம படிக்கிறே. அதுல எழுதினா நான் சொல்றதையும் முழுசாப் படிப்பேன்னு நினைச்சேன்.”

அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நாப்பத்திரண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு என்னை அடிச்சிருக்கீங்க. இப்ப உங்க அக்கா வந்து என் எடத்தைக் கேக்கறாங்க, பாக்கலாம்கறீங்க. திங்கட்கிழமை வந்து எழுந்திருன்னு சொல்லும்போது என்ன சொல்லப்போறீங்க?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

“சொல்றது கஷ்டமா இருந்தா எழுதிக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் கூட்டுகிற துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டில் உப்புப் போட மறந்துபோனாள். அவர் உப்பு ஜாடியைக்கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார். இதையும் போய் எங்காவது எழுதுவார் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை. நாளைக்கு நான் வாயைத் திறக்கப் போவதில்லை, அவர் பேசினால் ஸ்டூல் என்னுடையது, பேசாவிட்டால் ஸ்டூலும் வேண்டாம் ஆளும் வேண்டாம் என்று பாத்திரம் கழுவும்போது முடிவு செய்தாள். துணிக்கடையில் மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். மூன்றாவது மாடி ஞாபகம் வந்ததும் கால் வலித்தது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு நாத்தனார் மடிப்புக் கலையாத புடவையில், கையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு இறங்கி வந்தாள். ஏழு மேஜையும் நிறைந்திருந்தன. ஒத்தக்காப்பி, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தாரோ, தன் வழக்கமான மூலையில் இருந்தார். வேலை முடித்து வந்த நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரும்மா,” என்றாள் நாத்தனார். குரலில் சிரிப்பு இருந்தது. முப்பது வருஷத்து ரிசப்ஷன் சிரிப்பு.

கல்லாக்காரம்மாவின் நாக்கு நுனிக்கு ஒன்பது பதில் வந்தது. ஒன்பதையும் விழுங்கினாள். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் பால் ஜாடியை ஆவிக்குழாயில் பிடித்திருந்தார். அது வீறிட்டுக்கொண்டிருந்தது.

“காதுல விழலையா? தம்பி, நீ சொல்லேன்டா.”

அவர் ஆவியை நிறுத்தினார். திடீரென்று கடை அமைதியாகிவிட்டது.

“அக்கா, அவ எழுந்திருக்க மாட்டா.”

“ஏன்?”

“அது அவ எடம்.”

“எடம் என்னுதுடா.”

“கட்டடம் உன்னுது. காலி பண்ணுன்னு சொல்லு, மறு பேச்சு இல்லாம பண்றோம். கடை இருக்கிற வரைக்கும் அந்த ஸ்டூல்ல வேற ஆள் உக்கார முடியாது.”

“அப்ப ஊரே காறித் துப்பி எழுதியிருக்கே, அதுக்கு என்ன பதில்?”

“நீ படிச்சியே பெருசா ஒண்ணு, அதை எழுதினது நான்தான்.”

ஒத்தக்காப்பியின் விரல்கள் லேப்டாப் மேலேயே நின்றன. நாத்தனார் பக்கத்தில் இருந்தது யார் நாற்காலி என்று பார்க்காமல் அதில் உட்கார்ந்துவிட்டாள். கல்லாக்காரம்மாவுக்கு மூச்சு இறங்கிற்று. பிழைத்தோம், முடிந்தது என்று நினைத்தாள். அவர் முடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப உங்கிட்ட. நேருக்கு நேரா சொல்லுன்னியே, கேட்டுக்க. அந்த சுவிட்சைத் தட்டறது அசிங்கம். பக்கத்துல நிக்கிற எனக்கு ஒவ்வொரு நாளும் கூசுது. நர்ஸம்மா உக்காரணும்னு நீ போட்ட விதி சரி. அது ஒண்ணு போதும். மிச்சம் பத்தும் விதியில்ல, உன் கோவம். துணிக்கடைக்காரன் மேல இருக்கிற கோவத்தை இங்க காபி குடிக்க வர்றவங்க மேல கொட்டறே. அவன் மைக்ல எழுப்பினான். நீ மைக் இல்லாம எழுப்பறே.”

“அதுக்காக நான்...”

“நான் இன்னும் முடிக்கல.”

அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. இப்படி ஒரு வார்த்தையை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. முகத்தில் சூடு ஏறிக் கண் கரித்தது. நாற்பத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எழுத்தில் அடித்தது இதில் கால்வாசிகூட வலிக்கவில்லை. மெஷினில் வைத்திருந்த கப் நிறைந்து, காபி தட்டில் வழிந்து, தட்டிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“சனிக்கிழமை இவருக்கு ஒரு காபி குடுத்தேன். யாரைக் கேட்டுன்னு இத்தனை பேர் முன்னால கேட்டே. நான் யாரைக் கேக்கணும்? நானும் இங்க நின்னு வேலை செய்யற ஆள்தானா? உனக்கு ஸ்டூல் இருக்கு. எனக்கு இந்தக் கடையில உக்கார எடம் எது, காட்டு பார்ப்போம்.”

அவள் சுற்றிப் பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. கடை திறந்த அன்றிலிருந்து அவர் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார். காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். அது அவள் கண்ணில் இன்றுவரை படவில்லை.

ஏழு மேஜையிலும் ஒருத்தரும் போனைப் பார்க்கவில்லை.

“முடிச்சிட்டீங்களா?” என்றாள் அவள்.

“இல்ல. இன்னும் இருக்கு.”

அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். கல்லாவில் கையை ஊன்றியபடி நின்றுகொண்டாள்.

“உக்காந்து சொல்லுங்க,” என்றாள்.